கொற்றநல்லூரின் நூற்றுப் பதினான்கு நிழற்குடைகள்

கொற்றநல்லூர் மாநகராட்சியின் மேயர் சுயம்புக்கனி வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது, ஊர் பிடித்ததை இரும்பு பிடித்துக்கொண்டது, அதற்கப்புறம் நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை.

பஸ் ஓடாமல் அன்றைக்கு ஒன்பதாம் நாள். சந்தைமுக்கில் புதுக் கழிப்பறைக்கு ரிப்பன் வெட்ட வந்த மேயரை, கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் ஒரு கூட்டம் வளைத்துக்கொண்டது. டீச்சர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், மீன் விற்கிறவர்கள், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று வந்திருந்த எல்லார் காலிலும் ஒன்பது நாள் தூசி இருந்தது, எல்லார் வாயிலும் ஒன்பது நாள் ஏச்சு இருந்தது. அந்த ஊருக்கு எதற்கெடுத்தாலும் மேயரைத் திட்டிப் பழகிவிட்டது. நாய் கடித்தால் மேயர், மழை பெய்தால் மேயர், பெய்யாவிட்டாலும் மேயர். சுயம்புக்கனி கெட்டவள் இல்லை. மூன்று முறை கவுன்சிலராக ஜெயித்து, வெயிலிலும் மழையிலும் அலைந்து மேலே வந்தவள்தான். ஆனால் மேயர் நாற்காலியில் உட்கார்ந்த இந்த இரண்டு வருஷத்தில், யார் என்ன கேட்டாலும் "அது நம்ம கையில இல்லம்மா" என்று சொல்கிற பழக்கம் அவளிடம் ஒட்டிக்கொண்டது. சொல்லச் சொல்ல அது அவளுக்கு ரொம்ப சௌகரியமாகவும் இருந்தது.

பஸ்கள் நின்ற கதை இதுதான். எட்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் ஞானசிகாமணிக்குக் கல்பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. நேரே போனால் சந்தைக் கூட்டம், வலது பக்கம் ஆறு, இடது பக்கம் சுடுகாட்டுச் சுவர். கண் மூடித் திறக்கிற நேரத்தில் அவர் சுவரைத் தேர்ந்தெடுத்து மோதி நிறுத்தினார். உள்ளே இருந்த ஐம்பத்திரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் ஞானசிகாமணிக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. அன்றைக்கே டிரைவர்களும் கண்டக்டர்களும் டிப்போ வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது இரண்டே இரண்டு: பிரேக் உள்ள பஸ் வேண்டும், சிகாமணி அண்ணாச்சியை உள்ளே எடுக்க வேண்டும்.

"பஸ்ஸு ஓடி ஒம்பது நாளாச்சு, நீங்க என்னத்தச் செஞ்சிய?" என்று முன்னால் நின்ற மாடத்தி கேட்டாள். வாரத்துக்கு மூன்று நாள், ரத்தம் சுத்திகரிக்கப் புருஷனைக் கைத்தாங்கலாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள் அவள்.

"தாயி, பஸ்ஸு எங்களுக்குக் கீழ வராது" என்றாள் சுயம்புக்கனி. "அது அரசாங்கத்துப் பஸ்ஸு. மாநகராட்சிக்குச் சொந்தம் நிழற்குடை மட்டுந்தான். நிழற்குடைல எதும் குறைன்னா சொல்லு, நாளைக்கே செஞ்சு தாறேன்."

மாடத்தி குனிந்து ரெண்டு கை நிறைய மண்ணை அள்ளி, மேயரின் கார் மேல் வாரித் தூற்றினாள். "அப்பம் ஒங்க நிழற்குடையே எங்களத் தூக்கிட்டுப் போவட்டும்! நீங்கதான் ஒண்ணுக்கும் ஆவல, அதாவது ஆவட்டும்!" என்று கத்திவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு நடந்து போனாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ரைஸ்மில் நிறுத்தத்து நிழற்குடை, சேற்றிலிருந்து மாடு காலெடுப்பது போல, நான்கு இரும்புக் கால்களையும் காங்கிரீட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கொஞ்ச நேரம் நின்று நிதானித்து, பெஞ்சில் இருந்த ஆறு பேரோடும் கிழக்கே பார்த்து நடக்கத் தொடங்கியது. ஒருத்தரும் அலறவில்லை. ஒன்பது நாள் காத்திருந்தவர்களுக்கு அலறத் தெம்பு ஏது.

"இது எங்கன போவுது?" என்று பெஞ்சின் ஒரு ஓரத்தில் இருந்த டீச்சர் கேட்டாள்.

"போற தெசையப் பாத்தா ஆஸ்பத்திரி மாரி இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"சந்தைமுக்குல நிக்குமா?"

"இது நிறுத்தம்லா? நிக்காம என்ன செய்யும்?"

அது சரிதான் என்று டீச்சருக்குப் பட்டது, அவள் பையிலிருந்து விடைத்தாள்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினான்கு நிழற்குடைகளும் நடக்கத் தொடங்கிவிட்டன. இரண்டாம் நாள் ஊர் அவற்றுக்குச் சட்டதிட்டம் வகுத்துவிட்டது. தூரத்தில் நிழற்குடை வரும்போதே ஓடிப்போய்த் துண்டை வீசிப் பெஞ்சில் இடம் பிடித்தார்கள், துண்டுக்கு மேல் துண்டு விழுந்து சண்டை போட்டார்கள், முன்பாதி பெண்களுக்கு என்று பிரித்தார்கள், இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கக் குறுக்குக் கம்பியில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். கடலை விற்கிறவர்கள் ஏறினார்கள், இறங்க அவசியமே இல்லாததால் இறங்கவில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், இது வண்டி என்றால் நம்பர் பிளேட் எங்கே, கட்டடம் என்றால் ரோட்டில் என்ன வேலை என்று யோசித்து யோசித்து, தலை வலித்து, கடைசியில் சல்யூட் அடித்து வழிவிட்டார். எந்த நிழற்குடையும் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்த விஷயத்தில் அவை ஊர்க்காரர்களை விட ஒழுக்கமானவை. ஒரு கல்யாண வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்றைப் பூமாலை சுற்றிப் பிடித்தார்கள். அது வழியில் கையைக் காட்டியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு மண்டபத்தில் போய் நின்றதால், பந்தியில் நாற்பது இலை கூடுதலாக விழுந்தது, சாம்பாரில் வெந்நீர் ஊற்ற வேண்டியதாயிற்று. முதல் நாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்கு வந்த செய்தி, ஐந்தாம் நாள் ராசிபலனுக்குக் கீழே ஒதுங்கிவிட்டது.

ஒவ்வொரு நிழற்குடையின் நெற்றியிலும் சுயம்புக்கனியின் பெயர் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. பெயர் நடந்துகொண்டே இருந்ததால் ஊர் அதைப் படித்துக்கொண்டே இருந்தது. "என்ன இருந்தாலும் மேயரம்மா கைராசி பாத்தியளா" என்று, போன வாரம் ஏசிய அதே வாய்கள் பேசின. அவளுக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த துணை மேயர் பலவேசம், அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் சிரித்தபடி நிற்க ஆரம்பித்தார். சுயம்புக்கனிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக வசவு மட்டுமே தின்றவளுக்கு ஒருவாய் சர்க்கரை கிடைத்தால் இனிக்காதா? எப்படி நடக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது அவள் ஒன்றும் தெரியாது என்று சொல்லவில்லை. லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

ஏழாம் நாள் பலவேசம் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"அக்கா, மேலேருந்து கேக்காவ. எங்க ஊருக்கு மாற்று ஏற்பாடு ஆயிட்டு, பஸ்ஸு இல்லாமலே சமாளிச்சுக்கிடுவோம்னு ஒரு வரி. ஒங்க கையெழுத்து போதும். டிப்போ வாசல்ல உக்காந்திருக்கவனுவள அன்னைக்கே மொத்தமா வீட்டுக்கு அனுப்பிருவாவ."

"அனுப்பிட்டு?"

"அனுப்பிட்டு என்ன, நீங்க பாட்டுக்கு இன்னும் மூணு வருசம் ஜம்முனு இருங்க." அவர் சட்டைப்பையை மெல்லத் தட்டினார். "கையெழுத்துப் போடலன்னா, பொறவு என்னையக் கோவிச்சுக்கிடப்படாது."

திங்கட்கிழமை குறை கேட்கும் கூட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவள் அந்தக் கடிதத்தை மேஜை டிராயரில் தள்ளினாள்.

இதற்கிடையில் ஊர் ஒன்றைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தது. தார் ரோட்டில் நடந்து நடந்து நிழற்குடைகளின் கால்கள் நாளொன்றுக்கு இரண்டு விரற்கடை தேய்ந்துகொண்டிருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முதலில் காலைத் தொங்கப் போட்டிருந்தார்கள், பிறகு மடக்கிக்கொண்டார்கள், இப்போது சம்மணம் போட்டுக்கொண்டார்கள். நெட்டையான ஆட்கள் ஏறும்போது கூரையில் தலையை இடித்துக்கொண்டு, குள்ளமானவர்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். பலவேசம் ஒரு வெல்டரைக் கூட்டிவந்து இரண்டு நிழற்குடைகளுக்குக் கால் ஒட்டவைத்தார். ஒட்டிய நிமிஷத்தில் அவை இரண்டும் நடுரோட்டிலேயே நின்றுவிட்டன, பிறகு நடக்கவே இல்லை. மற்றவை நடந்துகொண்டிருந்தன. பெஞ்சு தரையைத் தொட இன்னும் மூன்று நாலு நாள்தான் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். வேலைக்குப் போக வேண்டாமா?

திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாள். வரிசையில் டோக்கன் வாங்கி நின்று, பதினேழாவது ஆளாக ஞானசிகாமணி வந்தார். வெளுத்த காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

மாநகராட்சிக்குச் சொந்தமான சுடுகாட்டுச் சுற்றுச்சுவரைச் சேதப்படுத்திய ஓட்டுநர் மீது உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது என்று மாநகராட்சியிலிருந்து போன கடிதத்தின் நகல் அது. அதை வைத்துத்தான் அவரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். கீழே மேயரின் கையெழுத்து, பச்சை மையில்.

சுயம்புக்கனிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில், காரில் மடி மேல் வைத்து, நாற்பது கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். உதவியாளன் பக்கத்தைப் புரட்டப் புரட்டப் பேனா தானாக ஓடியது. பஸ்ஸுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், பஸ்களை நிறுத்தியதே தன் பேனா என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

"ஏச வரல மேயரம்மா" என்றார் ஞானசிகாமணி. "செவுரு இடிஞ்சது நெசந்தான். ஆனா உள்ள அம்பத்திரண்டு பேரு இருந்தாவன்னு அதுல ஒரு வரி இல்ல. அந்த ஒரு வரிய மட்டும் சேத்து எழுதித் தாங்க. எம் மவளப் பள்ளிக்கூடத்துல கூடப் படிக்குத பிள்ளைய எல்லாம் கேலி பண்ணுதாம். செவுத்த ஏம்ப்பா இடிச்சன்னு கேக்கா. அவட்ட காட்டணும்."

"வேல வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம்னு யாரு சொல்லுவா. ஆனா ஒங்கட்ட கேக்கதுக்கு எனக்கு இதான் இருக்கு."

அவர் வணக்கம் வைத்துவிட்டுப் பதினெட்டாவது ஆளுக்கு இடம் விட்டார்.

சாயங்காலம் அவள் காரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, மாநகராட்சி வாசலில் வந்து நின்ற நிழற்குடைக்குள் குனிந்து ஏறினாள். தன் பெயரைச் சுமந்து நடந்த ஒன்றில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. பெஞ்சு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஊர்ந்தது. கீழே கால்கள் தாரில் உரசுகிற சத்தம், அரிசியில் கல் அரைபடுகிற மாதிரி, பல்லைக் கூச வைத்தது. பக்கத்தில் மாடத்தி, தோளில் சாய்ந்து தூங்கும் புருஷனோடு.

"அன்னைக்கு மண்ண வாரிப் போட்டது நாந்தான்" என்றாள் மாடத்தி.

"தெரியும்."

"பலிக்கும்னு நெனச்சா சொன்னேன்? வயித்தெரிச்சல்ல சொன்னது. இப்பம் பாருங்க, வாயில்லா சீவன், காலு தேயத் தேய நடக்கு. பஸ்ஸுல இருவது நிமிசம் ஆவுத எடத்துக்கு இதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவுது. நேத்து மிஷினுக்கு நேரந்தப்பிட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாவ. இதுகளையும் ஏச மனசு வரல. ராத்திரி சோறு எறங்கல எனக்கு. சொன்ன சொல்லத் திருப்பி எடுக்கதுக்கு எதும் வழி இருக்கா மேயரம்மா?"

"ஒஞ் சொல்லு இல்ல மாடத்தி" என்றாள் சுயம்புக்கனி. "எஞ் சொல்லு. நாந்தான் முதல்ல சொன்னேன்."

சந்தைமுக்கில் சிலர் இறங்கினார்கள், ரைஸ்மில்லில் மாடத்தி புருஷனை எழுப்பிக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனாள், கடலைக்காரர் கூட இறங்கிவிட்டார். சுயம்புக்கனியின் வீடு வடக்கே. நிழற்குடை அவளை மட்டும் வைத்துக்கொண்டு தெற்கே திரும்பியது. கல்பாலத்து இறக்கத்தில், கால்கள் வழுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து இறங்கி, இடிந்த சுவருக்கு முன்னால் நின்றது. அவள் இறங்கிப் பார்த்தாள். ஒரு பஸ்ஸின் மூஞ்சி அளவுக்குச் சுவரில் ஓட்டை. அதற்கு இந்தப் பக்கம் ரோட்டில் ரப்பர் தேய்ந்த கறுப்புக் கோடு, மனுஷன் எவ்வளவு பாடுபட்டுத் திருப்பியிருக்கிறார் என்று வளைந்து வளைந்து காட்டியது. மிச்சமிருந்த சுவரில் மாநகராட்சி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: சுவரைச் சேதப்படுத்துவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும், இப்படிக்கு மேயர். அவள் அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை நிழற்குடை காத்திருந்து, பிறகு வீட்டில் கொண்டுபோய் விட்டது.

மறுநாள் மாமன்றக் கூட்டத்தில் பலவேசம் தட்டச்சு செய்த கடிதத்தின் இன்னொரு பிரதியை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். சுயம்புக்கனி அதைத் தள்ளி வைத்துவிட்டு, தன் கையால் எழுதிக்கொண்டு வந்த வேறு ஒரு தாளைப் படித்தாள். சுவர் தொடர்பான புகாரை மாநகராட்சி திரும்பப் பெறுகிறது. அதில் படிக்காமல் கையெழுத்திட்டது மேயரின் தவறு. அந்த நேரம் பஸ்ஸுக்குள் ஐம்பத்திரண்டு பேர் இருந்தார்கள், ஓட்டுநர் ஞானசிகாமணி அவர்கள் அத்தனை பேரையும் உயிரோடு இறக்கிவிட்டார். இந்த ஊருக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை, பிரேக் உள்ள பஸ்கள் உடனே வேண்டும்.

கவுன்சிலர்கள் எல்லாரும் பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, தெரிஞ்சுதான் செய்யுதியளா?" என்று பலவேசம் தணிந்த குரலில் கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் பரிதாபம் கூட இருந்தது.

"இதையாவது தெரிஞ்சு செய்யுதேன் தம்பி" என்றாள்.

பலவேசம் சட்டைப்பையில் கையை விட்டார்.

கடிதம் பத்திரிகையில் வந்த பிறகு, மேலே இருந்தவர்களுக்குச் சாக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். பிரேக் தேய்ந்த பதினோரு பஸ்கள் ஓரங்கட்டப்பட்டன, ஞானசிகாமணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வியாழக்கிழமை காலை முதல் பஸ் டிப்போவை விட்டு வெளியே வந்து ஹாரன் அடித்தபோது, நிழற்குடைகள் எங்கெங்கே போய்க்கொண்டிருந்தனவோ அங்கங்கே நின்றுவிட்டன. ஒன்று பள்ளிவாசல் முன்னால், ஒன்று ஆற்றுப் படித்துறையில், ஒன்று யாரோ ஒரு வக்கீல் வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில். பெஞ்சுகள் எல்லாம் தரையைத் தொட்டிருந்தன. ஊர் அதையும் சரி என்று எடுத்துக்கொண்டது. பஸ்களின் வழித்தடத்தை அதற்கேற்ப மாற்றி எழுதினார்கள், ஜனங்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு வரிசையாகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மாடத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் நிழற்குடையின் இரும்புக் கம்பியை ஒருதரம் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள்.

பதினைந்து நாள் கழித்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஐம்பத்தைந்து பேரில் நாற்பத்தாறு கைகள் உயர்ந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு வார்டாக ஓட்டுக் கேட்டவர்களின் கைகளும் அதில் இருந்தன, அவள் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆணையர் முடிவை அறிவித்ததும் அவள் சிவப்பு அங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கார் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நீ போப்பா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தாள். வாசலில் யாரும் கூடவில்லை. எல்லாருக்கும் பஸ் இருந்தது, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இருந்தது.

தபால் ஆபீஸ் திருப்பத்தில், சைக்கிளில் போன ஒரு மனிதர் அவளைப் பார்த்து பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றி, சைக்கிளை அப்படியே குறுக்கே நிறுத்தினார். விவரம் அவர் காதுக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

"ஏம்மா மேயரம்மா, இன்னைக்காவது ஆளப் பாத்தேனே! எட்டு நாளா எங்க தெருவுல சாக்கட அடைச்சுக் கெடக்கு. வீட்டுக்குள்ள தண்ணி வருது, பிள்ளைய எல்லாம் கட்டில்ல ஏறி உக்காந்திருக்கு. மனுசங்க இருக்கதா இல்ல சாவதா? ஓட்டு மட்டும் கேட்டு வந்தியள்ளா?"

அவர் மூச்சு விடாமல் ஏசினார். சுயம்புக்கனி குறுக்கிடாமல், கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றாள். "அது நம்ம கையில இல்ல" என்று சொல்லிவிட்டு விலகிப் போயிருக்கலாம். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எந்தத் தெரு?" என்று கேட்டாள்.